44 மாதக் காய்

இன்று வெட்டி இறக்கும் தேங்காய்க்கு வயது ஓராண்டு என்றே பெரும்பாலும் கணக்கிடுகிறோம். பாளை வெடித்த நாளிலிருந்து காய் நெற்றாகும் வரை ஏறத்தாழ 12 மாதம் ஆகிறது. அந்தக் கணக்கில் பிழையில்லை. ஆனால் அந்தப் பாளை வெளியே தலைகாட்டுவதற்கு வெகு முன்பே, விரியாத ஓலைகள் ஒன்றையொன்று சுற்றிக் கிடக்கும் குருத்தின் அடியில், அது கருவாகத் தோன்றிவிடுகிறது. பாளை வெடிப்பதற்குச் சுமார் 32 மாதங்களுக்கு முன் நடப்பது இது. இரண்டையும் கூட்டினால் 44 மாதம். இன்று கைக்கு வரும் காயின் கதை மூன்றரை ஆண்டுக்கும் முன்பு தொடங்கியது. தென்னை சார்ந்து நம் நாட்டில் எடுக்கப்படும் முடிவுகளோ ஒரு நிதியாண்டு, ஒரு பருவம், சில வேளைகளில் ஒரு வாரச் சந்தை விலை என்ற அளவுகளில் நிற்கின்றன. தென்னை விவசாயி திரும்பத் திரும்பச் சந்திக்கும் இழப்புகளில் பெரும்பங்கு மரத்தின் காலத்துக்கும் நம் கணக்கின் காலத்துக்கும் உள்ள இந்த இடைவெளியிலிருந்தே வருகிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதலில் மரத்தைப் பார்க்கலாம். தென்னை பனைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவித்திலைத் தாவரம். மாவுக்கும் வேம்புக்கும் ஆண்டுதோறும் தண்டைப் பருக்கவைக்கும் வளர்படலம் உண்டு. தென்னைக்கு அது இல்லை. இளமையில் அடித்தண்டு எவ்வளவு பருத்ததோ அவ்வளவுதான். பிறகு உயரம் மட்டுமே கூடும். தண்டில் விழுந்த காயம் மூடி ஆறாது. வறட்சியிலோ பட்டினியிலோ கழிந்த ஆண்டுகள் தண்டு சிறுத்த இடமாக மரத்தின் ஆயுள் முழுக்கத் தெரிந்துகொண்டிருக்கும். கிளை கிடையாது. உச்சியில் உள்ள ஒற்றை வளர்முனையே மொத்த மரமும். காண்டாமிருக வண்டு குருத்தைத் துளைத்து அந்த முனையைத் தொட்டுவிட்டால் மரம் முடிந்தது. நன்றாகப் பராமரிக்கப்படும் நெட்டை மரம் மாதத்துக்கு ஓர் ஓலை வீதம் ஆண்டுக்கு 12 முதல் 14 ஓலைகள் விடும். ஒவ்வோர் ஓலையின் கக்கத்திலும் ஒரு பாளைக்கு இடம் உண்டு. கொண்டையில் விரிந்து நிற்கும் ஓலைகள் 30 முதல் 40. ஏறத்தாழ அதே எண்ணிக்கையில் விரியாத ஓலைகள் உள்ளே காத்திருக்கின்றன. நம் கண்ணுக்குத் தெரிவது மரத்தின் பாதிதான். மறுபாதி வரப்போகும் ஆண்டுகளின் விளைச்சல்.

பாளைக் கருவின் வளர்ச்சியில் எல்லா மாதமும் ஒன்றுபோல் இல்லை. வெடிப்பதற்குச் சுமார் 16 மாதம் முன்பு பாளைக்குள் கதிர்கள் பிரிகின்றன. ஆறேழு மாதம் முன்பு பெண்பூவின் சூலகம் உருவாகிறது. வெடித்த பிறகு முதல் சில மாதங்களில் குரும்பைகளில் பெரும்பகுதி உதிர்கிறது. நல்ல பராமரிப்பிலும் பெண்பூக்களில் பாதிகூட முற்றுவதில்லை. ஆறேழு மாதத்தில் காய் முழுப் பருமனை எட்ட, அப்போதுதான் உள்ளே வழுக்கை பிடிக்கத் தொடங்கும். ஆகவே ஒரே கோடை ஒரு மரத்தின் கொண்டையைப் பல இடங்களில் தாக்குகிறது. அப்போது வெடித்திருக்கும் பாளையில் குரும்பை கொட்டுகிறது. பாதி வளர்ந்த குலையில் காய் சிறுத்துப் பருப்பு மெலிகிறது. வெடிக்க ஓராண்டுக்கு மேல் இருக்கும் பாளையில் பூக்களின் எண்ணிக்கையே குறைகிறது. கருநிலையில் உள்ள பாளை சில வேளை வளராமலே கருகிப்போகிறது. அந்த ஓலைக் கக்கம் பிறகு வெறுமையாக நிற்கும். இந்த இழப்புகள் ஒரே நாளில் நேர்ந்தாலும் நம் கண்ணில் படுவது நான்கு வெவ்வேறு காலங்களில்.

இதற்கு எழும் முதல் மறுப்பு எளிமையானது, வலுவானதும்கூட. நெல்லைப்போல் ஒரே அறுவடைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. 45 நாளுக்கு ஒரு வெட்டு, ஆண்டு முழுக்க வருமானம், இதைவிட நிதானமான பயிர் எது என்று கேட்கலாம். வருமானம் தொடர்ந்து வருவது உண்மைதான். ஆனால் அந்தத் தொடர்ச்சியே உள்ளே நடப்பதை மறைக்கிறது. கடைமடை வயலுக்கு இன்று வந்து சேரும் நீர் மேலே அணையில் என்றோ திறந்துவிடப்பட்டது. மதகை மூடிய அன்றும் கடைமடையில் வாய்க்கால் ஓடிக்கொண்டுதான் இருக்கும். தென்னையின் நிலையும் அதுவே. வறட்சியின் நடுவில் வெட்டும் காய்கள் மழை நன்றாகப் பெய்த காலத்தில் உருவானவை, அதனால் மரம் தாங்கிக்கொண்டது என்று நினைக்கிறோம். மழை மீண்ட பிறகு காய்ப்பு விழும்போது காரணம் புரியாமல் பூச்சியையோ விதையையோ குறை சொல்கிறோம்.

இலங்கையின் புள்ளிவிவரம் இதைத் தெளிவாகக் காட்டுகிறது. குருநாகல், புத்தளம், கம்பஹா மாவட்டங்கள் சேர்ந்த தென்னை முக்கோணம் அந்நாட்டு விளைச்சலின் மையம். 2016இல் நாடு முழுவதும் ஏறத்தாழ 300 கோடி காய்கள் விளைந்தன. 2016 பிற்பகுதியில் தொடங்கி 2017 வரை நீண்ட கடும் வறட்சியைத் தொடர்ந்து, 2017இல் விளைச்சல் சுமார் 245 கோடியாகச் சரிந்தது. 2018இலும் பழைய அளவுக்கு மீளவில்லை. மீட்சி தெரிந்தது 2019இல்தான். வறட்சி தொடங்கிய ஆண்டின் கணக்கில் அதன் சுவடு பெரிதாகத் தெரியவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டிலும் 2016இல் வழக்கத்தைவிட 60 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. கோவை, திருப்பூர் பகுதித் தோப்புகளில் மரங்கள் பட்டே போயின. பட்ட மரங்களை அரசு கணக்கெடுக்க முடிந்தது. உயிரோடு நின்ற மரங்களின் கொண்டைக்குள் கருகிய பாளைகளை எந்தக் கணக்கெடுப்பும் பதியவில்லை. அவை இழப்பாகவே கருதப்படவில்லை.

நீரும் உரமும் கொடுத்தால் மரம் உடனே பதில் சொல்கிறதே என்பது அடுத்த மறுப்பு. இதில் பாதி சரி. கோடையில் நீர் பாய்ச்சினால் குரும்பை உதிர்வது குறையும், காயின் பருமன் கூடும். இரண்டும் ஓராண்டுக்குள் தெரியும் பலன்கள். ஒரு பாளைக்கு எத்தனை பெண்பூ என்பது மட்டும் முன்பே முடிவானது. காசர்கோட்டில் 1916இல் சென்னை மாகாண அரசு தொடங்கிய ஆராய்ச்சி நிலையம் இன்று மத்திய தோட்டப்பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனமாக வளர்ந்திருக்கிறது. காய்க்கும் மரம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 500 கிராம் தழைச்சத்து, 320 கிராம் மணிச்சத்து, 1,200 கிராம் சாம்பல்சத்து என்பது அதன் பரிந்துரை. அதிகம் கேட்பது சாம்பல்சத்து. அதற்கான பொட்டாஷ் உரத்துக்கு இந்தியா இறக்குமதியையே நம்பியிருக்கிறது. பட்டினி கிடந்த தோப்புக்கு இந்த அளவை முழுதாக இட்டாலும் முழுப் பலன் தெரிய இரண்டு மூன்று ஆண்டு ஆகும். முதல் ஆண்டிலேயே பலனை எதிர்பார்த்து ஏமாந்தவர் இரண்டாம் ஆண்டு உரத்தை நிறுத்துகிறார்; அவர் நிறுத்தியதும் உடனே தெரிவதில்லை. செலவு இன்று, பலன் பிறகு. சிக்கனம் இன்று, தண்டனை பிறகு. இந்த அமைப்பில் மிகத் தேர்ந்த விவசாயியும் தவறான பாடம் கற்றுக்கொள்ள நேரும்.

சந்தை இந்தத் தவறைப் பெருக்குகிறது. 2023இல் அரவைக் கொப்பரைக்கு மத்திய அரசு குவிண்டாலுக்கு 10,860 ரூபாய் ஆதரவு விலை அறிவித்தது. வெளிச்சந்தை விலை அதற்கும் கீழே கிடந்தது. ரேஷன் கடைகளில் தேங்காய் எண்ணெய் வழங்க வேண்டும் என்று பொள்ளாச்சி வட்டார விவசாயிகள் கோரியது அந்த நெருக்கடியில்தான். இரண்டே ஆண்டில் நிலைமை தலைகீழானது. 2025இல் ஆதரவு விலை 11,582 ரூபாயாக இருக்க, சந்தையில் கொப்பரை குவிண்டால் 20,000 ரூபாயைத் தாண்டியது. 2024 கோடையின் கடும் வெப்பம், 2016 முதல் பொள்ளாச்சிப் பகுதியைத் தொல்லைப்படுத்தும் சுருள் வெள்ளை ஈ, பிற நாடுகளின் விளைச்சல் சரிவு என்று காரணங்கள் பல. அவற்றோடு, விலை கிடைக்காத ஆண்டுகளில் உரமும் நீரும் குறைக்கப்பட்ட தோப்புகளையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். 2022, 2023இல் கைவிடப்பட்ட பராமரிப்பின் விளைவு 2024, 2025இன் குலைகளில் வந்து சேர்வதை மரத்தின் உடலியலே சொல்கிறது. இதன் மறுபக்கமும் கவலைக்குரியது. 2025இன் விலையைப் பார்த்து ஆசையோடு நட்ட நெட்டைக் கன்றுகள் 2030 தாண்டித்தான் காய்க்கும். அவையெல்லாம் ஒருசேரக் காய்க்கும்போது சந்தை எப்படி இருக்கும் என்பதைப் பற்றி இன்று யாரும் பேசுவதாகத் தெரியவில்லை.

காத்திருப்பு எல்லா மரப்பயிருக்கும் பொது. தென்னைக்கு மட்டும் தனிக் கணக்கு எதற்கு என்று ஒருவர் கேட்கக்கூடும். மாமரம் பூத்துக் காய்த்துப் பழுப்பது ஒரே பருவத்துக்குள். புயலில் கிளை முறிந்தாலும் தண்டு தழைக்கும். பிடித்த மரத்தின் குச்சியை ஒட்டுக் கட்டினால் அதே மரம் மீண்டும் கிடைக்கும். தென்னைக்கு இந்த மூன்றும் இல்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரங்களில் ஒரே இரவில் பல லட்சம் தென்னைகளைச் சாய்த்தபோது அதன் பொருள் முழுதாக வெளிப்பட்டது. கொண்டை திருகிய மரத்துக்கு மறுதளிர் கிடையாது. சாய்ந்து அழுகிய தண்டுகள் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகுவதற்கு ஏற்ற இடம். ஆகவே தப்பி நின்ற மரங்களுக்கும் ஆபத்து தொடர்ந்தது. அரசு மரத்துக்கு 600 ரூபாயும், வெட்டி அகற்ற 500 ரூபாயும் ஆக 1,100 ரூபாய் அறிவித்தது. ஹெக்டேருக்கு 175 மரம் என்ற கணக்கில் 1,92,500 ரூபாய். நடுத்தரமாகக் காய்க்கும் ஒரு மரம் ஆண்டுக்கு 80 காய் தருவதாகவும், காய்க்கு 10 ரூபாய் கிடைப்பதாகவும் வைத்துக்கொண்டால் ஓராண்டு வருமானம் 800 ரூபாய். புதுக் கன்று நட்டு, அது காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டும் முழுக் காய்ப்புக்கு வர மேலும் சில ஆண்டும் ஆகும். இழந்தது ஏழெட்டு ஆண்டு வருமானம். வெட்டுக்கூலி போகக் கிடைத்தது ஓராண்டு வருமானத்தைவிடக் குறைவு.

நிவாரணம் என்பது உடனடித் துயர் தீர்க்கும் உதவி, முழு ஈட்டுத்தொகை அல்ல. மறுநடவுக்கெனத் தனி உதவிகளும் அறிவிக்கப்பட்டன என்று அரசுத் தரப்பு சொல்ல இடமுண்டு. அந்த விளக்கம் நெல்வயலுக்குப் பொருந்தும். வெள்ளத்தில் நெல் போனால் அடுத்த பட்டத்தில் மீண்டும் விதைக்கலாம். உடனடி உதவியே அந்த இடைவெளியைப் பெருமளவு நிரப்பிவிடும். தென்னை விழுந்த குடும்பத்துக்கு இடைவெளி ஏழாண்டு. ஒரு குழந்தை ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து ஏழாம் வகுப்பை முடிக்கும் காலம் அது. அந்தக் காலம் முழுவதும் நிலத்தில் வேறு வருமானம் எடுக்க முடிந்தவர் பிழைத்தார். முடியாதவர் நிலத்தை விற்றார் அல்லது வேலை தேடி ஊரைவிட்டுப் போனார். ஒரே தவணையில் ஒரு தொகையைத் தருவதைவிட, காய்ப்பு வரும்வரை ஆண்டுதோறும் குறைந்துகொண்டே போகும் உதவியாகத் தருவது மரத்தின் காலத்துக்குப் பொருந்தும். 2013 நவம்பரில் ஹையான் சூறாவளி பிலிப்பைன்ஸில் 3 கோடிக்கும் மேற்பட்ட தென்னைகளைச் சேதப்படுத்தியது. புயற்பாதையில் தென்னை இருக்கும் நாடுகளுக்கெல்லாம் இது பொதுக் கேள்வி.

வீரிய ஒட்டுகள் காத்திருப்பைக் குறைத்துவிட்டனவே என்ற வாதத்துக்கு நீண்ட விடை சொல்ல வேண்டும். நெட்டையையும் குட்டையையும் இணைத்து வீரிய ஒட்டு உருவாக்கும் முயற்சி 1932இல் கேரளத்தின் நீலேஸ்வரத்தில் ஜே.எஸ். பட்டேலின் ஆய்வில் தொடங்கியது. தென்னையில் ஒட்டுவீரியம் உண்டென்று உலகுக்குக் காட்டியவை அந்தக் கலப்புகள். தஞ்சை மாவட்டத்து வேப்பங்குளம் ஆராய்ச்சி நிலையமும் பிற்காலத்தில் தன் ஒட்டு ரகங்களை வெளியிட்டது. நீரும் உரமும் குறையாத இடத்தில் நான்காம் ஆண்டிலேயே இவை பூக்கும். ஆனால் ஓர் ஒட்டுக் கன்று பிறக்கும் வழியைக் கவனியுங்கள். தாய்மரத்தில் ஏறி, வெடித்த பாளையின் ஆண்பூக்களை நீக்கி, உறையிட்டு, மகரந்தம் தூவ வேண்டும். காய் முற்ற ஓராண்டு. நாற்றங்காலில் ஏறக்குறைய இன்னோர் ஆண்டு. ஒரு காய்க்கு ஒரு கன்று. அதற்கு மேல் பெருக்க வழியில்லை. திசுவளர்ப்பில் வாழையும் கரும்பும் லட்சக்கணக்கில் பெருகியிருக்க, தென்னை இன்னும் ஆய்வகத்தைத் தாண்டி வணிக அளவுக்கு வரவில்லை. விதைத் தேங்காயைக் குளிர்பதனத்தில் சேமிக்கவும் முடியாது என்பதால் உலகத்தின் தென்னை மரபு வளம் பெரும்பாலும் திறந்த வயலில் நிற்கும் மரங்களாகவே காக்கப்படுகிறது. நோய் வந்தால் அந்தக் காப்பகமும் தப்பாது. முதல் கலப்பு நடந்து தொண்ணூறு ஆண்டு கடந்தும் ஒட்டு மரங்கள் நம் தோப்புகளில் சிறுபான்மையாகவே இருப்பதற்கு விவசாயியின் தயக்கத்தைவிட இந்தப் பெருக்கத் தடையே முதற்காரணம் என்று நினைக்கிறேன். ஜமைக்காவின் அனுபவம் இன்னொரு எச்சரிக்கை. அங்கே கொல்லும் மஞ்சள் நோய் பழைய நெட்டை மரங்களை அழிக்க, நோய் தாங்கும் என்று மலேயக் குட்டையும் மேபான் ஒட்டும் பரவலாக நடப்பட்டன. சில பத்தாண்டுகள் கழித்து அதே நோய் அவற்றையும் கொன்றது. அறுபதாண்டு வாழும் மரத்தின் ரகத்தை ஐந்தாண்டுச் சோதனையின் பலத்தில் மட்டும் தேர்ந்தெடுக்க முடியாது.

கடைசியாக, தென்னையின் பயன்கள். தென்னையில் வீணாகும் உறுப்பு எதுவுமில்லை, மதிப்புக்கூட்டினால் விவசாயி பிழைத்துக்கொள்வார் என்பது மேடைதோறும் கேட்கும் தீர்வு. பயன்களின் பட்டியலைக் கால வரிசையில் அடுக்கிப் பார்த்தால் இத்தீர்வின் பலமும் எல்லையும் புலப்படும். விரியாத பாளையிலிருந்து இறக்கும் நீரா, காய்ப்புக்கும் முன்பே கிடைக்கும் வருமானம். இளநீர் ஆறேழு மாதத்துக் காய். பத்துப் பதினோரு மாதத்துக் காயின் பச்சை மட்டையைக் காயல் நீரில் ஊறவைத்து எடுக்கும் வெண்ணார்தான் ஆலப்புழையின் கயிற்றுத் தொழிலை வளர்த்தது. 1859இல் ஜேம்ஸ் டாரா அங்கே முதல் கயிற்றுத் தொழிற்சாலையைத் தொடங்கினார். முற்றிய மட்டை பழுப்பு நார் தரும். பொள்ளாச்சியும் சிங்கம்புணரியும் அதில் வாழ்கின்றன. நார் பிரித்தபின் மலைபோல் குவிந்து தொல்லையாகக் கிடந்த நார்க்கழிவு, நீரைப் பிடித்துவைக்கும் தன்மையால் இன்று கட்டிகளாக அழுத்தப்பட்டு அயல்நாட்டுப் பசுமைக்குடில்களுக்குப் போகிறது. 12 மாதத்து நெற்றின் பருப்பை 6 விழுக்காடு ஈரம் வரை உலர்த்தினால் கொப்பரை. அதன் எடையில் மூன்றில் இரண்டு பங்கு எண்ணெய். வெளிவட்டம் இறுகிய மரப்பலகை வேண்டுமானால் 50, 60 ஆண்டுத் தண்டு வேண்டும். இவற்றில் நீராவும் இளநீரும் காத்திருப்பை உண்மையாகவே சுருக்குகின்றன, அவற்றுக்குத் தரும் ஊக்கம் நியாயமானது. கொப்பரை, எண்ணெய், நார், நார்க்கழிவு, சிரட்டைக்கரி ஆகியவை பெயரளவில் ஐந்து தொழில்கள். ஆனால் எல்லாம் ஒரே காயிலிருந்து வருபவை. காய் குறைந்த ஆண்டில் மட்டையும் சிரட்டையும் சேர்ந்தே குறையும். பல பொருளாகப் பிரித்து விற்பதால் ஒரு காயின் மதிப்பு கூடலாம். மூன்றாண்டு முன் வந்த வறட்சியிலிருந்து அது யாரையும் காப்பாற்றாது.

மரத்தின் நீண்ட காலம் நமக்கு ஒரு வசதியையும் தருகிறது. வரப்போவது முன்கூட்டியே கொண்டையில் எழுதப்பட்டிருக்கிறது. நெல்லின் விளைச்சலை ஓராண்டு முன்பே யாராலும் சொல்ல முடியாது. தென்னையில் இன்று நிற்கும் குலைகளையும், அவற்றில் ஒட்டியிருக்கும் குரும்பைகளையும், வெற்றாக நிற்கும் கக்கங்களையும் எண்ணினால் அடுத்த ஓராண்டின் விளைச்சலை ஓரளவு நெருங்கிச் சொல்லிவிடலாம். வட்டாரத்துக்குச் சில நூறு மரங்களை நிலையாகத் தேர்ந்து ஆண்டுக்கு இருமுறை எண்ணுவதற்குத் தேவையானது ஏறத்தெரிந்தவரும் ஒரு பதிவேடும்தான். அந்தக் கணக்கை வைத்துக் கொப்பரைக் கொள்முதலை முன்பே திட்டமிடலாம். இறக்குமதி, ஏற்றுமதி முடிவுகளை விலை எகிறிய பிறகு அவசரத்தில் எடுக்கத் தேவையிருக்காது. விளைச்சல் விழப்போவது முன்னரே தெரிந்தால், அதற்கான காப்பீட்டை வறட்சி நிகழ்ந்த ஆண்டோடு முடித்துக்கொள்ளாமல் அடுத்த இரண்டாண்டுக்கும் நீட்ட வேண்டும் என்ற கோரிக்கைக்கும் ஆதாரம் கிடைக்கும்.

மறுநடவிலும் காலத்தை முன்னிட்ட ஒரு முறை ஏற்கெனவே உண்டு. வயதான தோப்பை ஒரே மூச்சில் வெட்டாமல், மரங்களின் இடைவெளியில் கன்று வைத்து, அவை வளர வளரப் பழைய மரங்களை மூன்றில் ஒரு பங்காக ஆண்டுதோறும் அகற்றுவது. 7.5 மீட்டர் இடைவெளியில் நட்ட தென்னையின் வேர்களில் பெரும்பகுதி அடியைச் சுற்றி 2 மீட்டருக்குள் அடங்கிவிடுவதால் இதற்கு மண்ணில் இடமுண்டு, ஊடுபயிருக்கும் உண்டு. நோயுற்ற தோப்புகளுக்கும் இதே காலக் கணக்கு தேவை. 1882இல் கேரளத்தின் ஈராட்டுப்பேட்டைப் பகுதியில் முதலில் பதிவான வேர்வாடல் நோய் இன்று தமிழ்நாட்டின் எல்லையோர மாவட்டங்களில் பரவி, ஆனைமலை அடிவாரத்தில் தோப்புகளை நலியவைக்கிறது. பைட்டோபிளாஸ்மா எனும் நுண்ணுயிரால் வரும் அந்த நோய் மரத்தை உடனே கொல்வதில்லை. காய்ப்பைப் பல ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறது. குறைந்த காய்ப்பாவது கிடைக்கட்டும் என்று விவசாயி நோயுற்ற மரத்தை வெட்டத் தயங்குவது இயல்பு. வெட்டாவிட்டால் பூச்சிகள் வழியாக நோய் அடுத்த தோப்புக்குப் போகும். அந்த மரத்தை வெட்டச் சொல்லும் அரசாணை, வெட்டுக்கூலியோடு நின்றுவிடாமல், பக்கத்தில் வைத்த கன்று காய்க்கும் ஆண்டு வரையிலான வருமானத்துக்கும் வழிசொன்னால்தான் கோடரி சரியான மரத்தில் விழும்.